பெம்பேயா ஜாஸ், 'த சிலிஃபோன் இயர்ஸ்': பல வருடம் கேட்ட பிறகு

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்க எலெக்ட்ரிக் கிட்டார் இசையில் ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்குவேன், எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். கினி நாட்டின் பெம்பேயா ஜாஸ் நேஷனல் குழு 60களிலும் 70களிலும் பதிவு செய்த பாட்டுகளை லண்டனின் ஸ்டெர்ன்ஸ் நிறுவனம் 2004இல் இரட்டை சீடியாகக் கொண்டுவந்தது. அதுதான் 'த சிலிஃபோன் இயர்ஸ்'. குறைகளும் இருக்கின்றன. போகப்போகச் சொல்கிறேன்.

பெயரில் ஜாஸ் இருந்தாலும் இது ஜாஸ் கிடையாது. ஆடுவதற்கான இசை. டிரம்பெட், சாக்சபோன், டிரம்ஸ் என்று நவீன வாத்தியங்களைச் சேர்த்துக்கொண்ட நிறையக் குழுக்கள் அந்தக் காலத்து மேற்கு ஆப்பிரிக்காவில் ஜாஸ் என்று பெயர் வைத்துக்கொண்டன. பெம்பேயா என்பது ஒரு ஆறு. கினியின் தென்கிழக்கில், காட்டுப் பகுதியை ஒட்டிய பெய்லா என்ற சின்ன ஊரில் அது ஓடுகிறது. குழு அங்கேதான் 1961இல் பிறந்தது.

இந்த ஆல்பத்தை வாங்கும் யாரும் முதலில் விழுவது செக்கூ டியாபாத்தேயின் கிட்டாரில்தான். நானும் அப்படித்தான். 1977இல் லாகோஸில் நடந்த ஆப்பிரிக்கக் கலை விழாவில் அவருக்கு 'வைர விரல்கள்' என்ற பட்டம் கிடைத்தது. இரண்டாவது சீடியில் உள்ள 'பெத்தி செக்கூ' ஒன்றைக் கேட்டாலே ஏன் என்று தெரியும். ஒரு வரியை நீளமாக இழுத்துக்கொண்டு போவார், இத்தோடு முடித்துவிடுவார் என்று நினைக்கும் இடத்தில் இன்னொரு படி கீழே இறங்குவார், அங்கிருந்து மறுபடி மேலே வருவார். அவசரமே இருக்காது. எதிரொலியைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழும்.

இந்த மயக்கம் ஒரு கட்டம் வரைக்கும்தான். பாட்டுகள் மனப்பாடமான பிறகு தனி வாசிப்பு வருவதற்காகக் காத்திருக்கும் ஆர்வம் குறைந்துவிடுகிறது. நிறைய கிட்டார் ஆல்பங்கள் இந்த இடத்தில் அலமாரிக்குப் போய்விடும். இது போகவில்லை. காரணம் மற்ற கிட்டார்கள்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மாண்டே மக்கள் கினி, மாலி, செனகல், காம்பியா என்று பரந்து வாழ்பவர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுந்தியாட்டா கெய்ட்டா நிறுவிய மாலிப் பேரரசின் வழிவந்தவர்கள். அவர்களிடையே 'ஜெலி' என்று ஒரு பரம்பரை உண்டு. அரச வம்சாவளியையும் போர்க் கதைகளையும் நினைவில் வைத்துப் பாடுவது அவர்கள் குலத் தொழில். குயாத்தே, டியாபாத்தே என்று பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்தாலே ஓரளவு ஊகித்துவிடலாம். அவர்கள் கையில் இருந்தவை மூன்று வாத்தியங்கள்: 21 நரம்புள்ள கோரா, சுரைக்குடுக்கைகள் தொங்கும் மரக்கட்டை வாத்தியமான பலஃபோன், சின்ன வீணை மாதிரியான ங்கோனி. கிட்டார் வந்தபோது ஐரோப்பியப் பாடத்தை அவர்கள் அதில் தேடவில்லை. இந்த மூன்றிலும் வாசித்ததை அதற்கு மாற்றினார்கள். பலரும் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் இரண்டை மட்டும் வைத்து மீட்டுவது ங்கோனி, கோரா பழக்கம்தான். உள்ளங்கையை நரம்பின் மேல் வைத்து நாதத்தை அடக்கினால் பலஃபோனின் உலர்ந்த 'டக்' சத்தம் வந்துவிடும்.

கோராக்காரர்கள் தங்கள் வாசிப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். சுற்றிச் சுற்றி வரும் அடிப்படை வாசிப்பு கும்பெங்கோ. அதன் மேல் சரசரவென்று இறங்கும் உருட்டல் பிரிமிந்திங்கோ. கோராவில் இரண்டையும் ஒரே ஆள் செய்வார். பெம்பேயா மாதிரியான எலெக்ட்ரிக் குழுவில் வேலை பிரிந்துவிடுகிறது. உருட்டல் செக்கூவுக்கு. கும்பெங்கோ பின்னால் இருக்கும் கிட்டார்களுக்கு. அந்தப் பின்கிட்டார்களைத்தான் இப்போது நான் தேடிக் கேட்கிறேன். ஒன்று தாழ்ந்த சுரங்களில் நாலைந்து புள்ளிகளை மட்டும் வைத்துச் சுற்றும். இன்னொன்று அதற்கு இடைவெளி பார்த்துப் பதில் சொல்லும். பேஸ் கிட்டார் தாளத்தின் முதல் தட்டில் வந்து நிற்காமல் சற்றுத் தள்ளியே வரும். இந்தப் பின்னலில் எது முதல் தட்டு என்பது எனக்கு இன்றும் சில பாட்டுகளில் மாறி மாறித்தான் தெரிகிறது. பெயர் வாங்கியவர் செக்கூ. ஆனால் அவர் அவ்வளவு சாவகாசமாக நடப்பது இவர்கள் போட்ட தரையில்.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? 'பெனி பராலே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை குரலை விட்டுவிட்டு முன்கிட்டாரை மட்டும் கேளுங்கள். அடுத்த தடவை அதையும் விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதை மட்டும். வேறு பாட்டு மாதிரி இருக்கும். நான் கொஞ்சம் கிட்டார் வாசிப்பேன். முன்கிட்டாரின் சில துண்டுகள் கைக்கு வந்துவிட்டன. பின்கிட்டாரை ஒரு பாட்டு முழுக்கச் சலிக்காமல், வேகம் கூடாமல், அதே அழுத்தத்தில் வாசிக்க இன்னும் வரவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் இது பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். "ஏங்க, அந்தப் பாட்டே இன்னும் ஓடுதா, இல்ல வேற மாத்தினீங்களா?" என்று மனைவி கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நம் காதுக்குப் பல்லவி, சரணம் என்று வீடு திரும்பும் இடங்கள் வேண்டும். இதில் ஒரே சுற்றுதான். அதன் மேல் குரல் வரும், போகும், பித்தளை வாத்தியங்கள் ஒரு வெட்டு வெட்டும், கிட்டார் பேசும். ஆடுகிறவர்களுக்கு அது போதும்.

இவ்வளவு இறுக்கமான வாசிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடப்போனால் அரசியல் வந்துவிடுகிறது. 1958இல் பிரெஞ்சுப் பிரதமராக இருந்த தெ கோல் தன் ஆப்பிரிக்கக் காலனிகளிடம் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்: பிரெஞ்சுச் சமூகத்தில் தொடர்கிறீர்களா, வெளியேறுகிறீர்களா? 'முடியாது' என்று சொன்னது கினி மட்டும்தான். அந்த அக்டோபர் 2ஆம் தேதி சுதந்திரம். பிரெஞ்சுக்காரர்கள் கோபத்தோடு கிளம்பினார்கள். அதிபர் செக்கூ தூரே முதலில் கைவைத்த விஷயங்களில் ஒன்று இசை. ஐரோப்பியப் பாட்டுகளைப் போலச் செய்து வாசித்துக்கொண்டிருந்த குழுக்கள் கலைக்கப்பட்டன. ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் ஒரு நவீன வாத்தியக் குழு. மின் வாத்தியங்களும் பித்தளை வாத்தியங்களும் அரசு செலவில். நிபந்தனை ஒன்றுதான்: சொந்த மண்ணின் மெட்டுகளிலிருந்து எடுக்க வேண்டும். பெய்லாவின் ஆளுநர் எமில் கொந்தே முன்னின்று உருவாக்கிய குழு, 1964, 65 தேசியக் கலை விழாக்களில் ஜெயித்து, 1966இல் 'நேஷனல்' பட்டத்தோடு தலைநகர் கொனாக்ரிக்கு வந்தது.

அதன் பிறகு இவர்கள் அரசுச் சம்பளம் வாங்கும் இசைக்கலைஞர்கள். வேறு வேலைக்குப் போக வேண்டியதில்லை. ஒத்திகைதான் வேலை. வருடக்கணக்கில் அதே ஆட்கள், அதே அறை, அதே வாத்தியங்கள். அந்தப் பின்கிட்டார்களின் ஒழுங்கு எனக்கு இங்கேதான் புரிய ஆரம்பித்தது. திறமை மட்டும் போதாது, ஒன்றாக உட்கார நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஓர் அரசு விலைகொடுத்து வாங்கித் தந்தது.

விலை இன்னொரு பக்கத்திலும் இருந்தது. சிலிஃபோன் என்பதே அரசின் இசைத்தட்டு நிறுவனம்தான். ஆளும் கட்சியின் சின்னமான யானைதான் அதன் இலச்சினை. ராணுவத்தைப் புகழ்ந்து ஒரு பாட்டு, 'ஆர்மே கினியென்'. நாட்டு விமான நிறுவனத்துக்கு ஒரு பாட்டு, 'ஏர் கினே'. விமான நிறுவனத்துக்கு விளம்பரம் பாடி அதைக் காலத்துக்கும் நிற்கும்படி வாசித்த குழு உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. கட்சிப் பாட்டு நமக்குப் புதிதில்லை, சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அதே கொனாக்ரியில் போய்ரோ முகாம் என்ற சிறை இருந்தது. நாட்டின் கலைக்கொள்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரும், ஆப்பிரிக்க பாலே குழுவை நிறுவியவருமான கெய்ட்டா ஃபொதேபா அமைச்சராக இருந்து, பின் கைதாகி 1969இல் கொல்லப்பட்டார். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளர் தியாலோ தெல்லி 1977இல் அங்கே பட்டினி போட்டுக் கொல்லப்பட்டார். 'பெத்தி செக்கூ'வின் கிட்டார் மிதந்துகொண்டிருந்த அதே 70களில்தான் இதுவும் நடந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சில பாட்டுகளை முன்போலக் கேட்க முடியவில்லை. தாண்டிவிடுவதும் இல்லை. பாடியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புகழ்ந்து பாடுவது ஜெலி குலத்தின் எழுநூறு வருடத் தொழில். அரசன் போய் அதிபர் வந்தார். ஆனால் அந்தக் குதூகலத்தை அப்படியே வாங்கிக்கொள்ளவும் முடியாது. சீடியோடு வரும் கையேட்டைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது என்று நினைக்கிறேன். பாட்டுகளின் பின்புலமும் அந்தக் காலப் புகைப்படங்களும் அதில் இருக்கின்றன. தொகுப்புக்குப் பின்னால் இருந்தவர் கிரேம் கவுன்சல் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர். சிலிஃபோன் விஷயத்தில் அவரைத் தாண்டி உழைத்தவர்கள் குறைவு.

கியூபாவைப் பற்றிச் சொல்லாமல் முதல் சீடியை விளங்கிக்கொள்ள முடியாது. 'சபோர் தெ குவாஹிரா', 'மொந்துனோ தெ லா சியெரா' என்று பெயர்களே ஸ்பானிஷ். சொந்த மண்ணின் இசை என்று முழங்கிய அரசின் குழு ஏன் கியூபப் பாட்டு பாடியது? 30களிலிருந்தே ஜிவி வரிசை என்று கியூப இசைத்தட்டுகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து இறங்கின. அடிமைக் கப்பல்களில் போன தாளம் இசைத்தட்டில் திரும்பி வந்ததால் அங்கே யாருக்கும் அது அந்நியமாகப் படவில்லை. கியூபா தோழமை நாடு வேறு. 1965இல் பெம்பேயாவே அங்கே போய் வாசித்தது. இந்தப் பாட்டுகள் இனிமையானவை. அவ்வளவுதான். வருடங்கள் போகப்போக நான் குறைவாகக் கேட்பது இவற்றைத்தான். நல்ல நகல் என்றாலும் நகல்.

பாடகர் அபூபக்கர் டெம்பா கமாராவை அப்படிச் சொல்ல முடியாது. அவர் குரல் ஜெலிகளின் குரல் மாதிரி உச்சத்தில் முழங்காது. மென்மையானது, கொஞ்சம் குறும்பு கலந்தது. 'விஸ்கி சோடா' மாதிரி விளையாட்டுப் பாட்டிலும் சரி, 'பல்லாக்கே' மாதிரி நிதானமான பாட்டிலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தொனி. மொழி தெரியாத எனக்கே அவர் எப்போது கிண்டல் செய்கிறார், எப்போது இல்லை என்று புரிகிற மாதிரி இருக்கும்.

அவரும் செக்கூவும் இருந்த கார் 1973 மார்ச் 31 அன்று டக்காரில் விபத்துக்குள்ளானது. கச்சேரிக்காக செனகலில் வந்து இறங்கிய அன்றே. செக்கூ பிழைத்தார். டெம்பா ஏப்ரல் 5 அன்று இறந்தார். கொனாக்ரியில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. குழு சில காலம் முடங்கிப் போனது.

தொகுப்பைத் தொடர்ந்து கேட்டால் இந்த இழப்பு காதுக்கே தெரிகிறது. பிற்பகுதிப் பாட்டுகளில் கிட்டார் முன்னால் வந்துவிடுகிறது, பாட்டுகள் நீளுகின்றன, குரல் பலரிடம் பங்கு போகிறது. டெம்பா விட்டுப்போன இடத்தை ஒரு பாடகரால் நிரப்ப முடியாமல் கிட்டாரால் நிரப்பினார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் எனக்கு இரண்டாவது சீடிதான் உசத்தி. இப்போது முதல் சீடியின் பின்பாதியில், டெம்பா இருந்து, கியூபச் சாயம் கழன்று, 'சூப்பர் தெந்தெம்பா' மாதிரிப் பாட்டுகள் வருகிற இடத்தில்தான் குழுவின் உச்சம் என்று தோன்றுகிறது. செக்கூ ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

இனி ஒலித்தரம். கொனாக்ரி வானொலியான 'புரட்சியின் குரல்' ஒலிப்பதிவுக் கூடத்தில், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, சில மைக்குகளை வைத்துப் பதிவு செய்த இசை இது. பாட்டுக்குப் பாட்டு ஒலியளவும் தெளிவும் மாறும். ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும்போது சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ கை போகும். டிரம்பெட்டுகள் மொத்தமாகச் சேரும் இடத்தில் சில பாட்டுகளில் ஒலி கரகரக்கிறது. எனக்கு இது பழகிவிட்டது. புதிதாகக் கேட்பவர்களுக்கு முதல் அரைமணி நேரம் உறுத்தும்.

எதில் கேட்பது என்பதும் முக்கியம். போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸும் தாழ்ந்த கிட்டாரும் காணாமல் போய்விடும். மிஞ்சுவது முன்கிட்டாரும் பித்தளையும்தான். ஆல்பத்தில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். காதில் செருகும் சாதாரண இயர்போன் இதைவிட மேல். நடுத்தரமான ஸ்பீக்கர் இரண்டை அறையில் வைத்துக் கேட்பதுதான் எனக்குச் சரிப்பட்டது. காரில் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இன்ஜின் இரைச்சல் பின்கிட்டார் இருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

சீடியாக வாங்குவதா, இணையத்தில் கேட்பதா? கேட்க இணையம் போதும். ஆனால் கையேடு கிடைக்காது. யார் எதை வாசித்தார்கள், எந்த வருடம் என்ற விவரமும் கிடைக்காது. பெயர்களின் எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறும். என் சீடி ஓர் ஆன்லைன் விற்பனையாளரிடம் வாங்கியது. பெட்டி விரிசலோடு வந்தது, மாற்றித் தரவில்லை. தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

இதே குழுவின் 2002ஆம் ஆண்டு ஆல்பம் 'பெம்பேயா'வை இதோடு வைத்து அடிக்கடி ஒப்பிட்டுப் பார்ப்பேன். 80களில் அரசு ஆதரவு போய், நீண்ட இடைவெளிக்குப் பிறகு மூத்தவர்கள் மறுபடி கூடி, பிரான்ஸின் மாராபி நிறுவனத்துக்காகச் செய்தது. ஒலி சுத்தம். ஒவ்வொரு வாத்தியமும் தனியாகத் தெரிகிறது. பின்கிட்டார்கள் எப்படிப் பின்னுகின்றன என்று கற்றுக்கொள்ள அதுவே வசதி. எனக்கும் பல விஷயம் அங்கேதான் பிடிபட்டது. குரல்களில் வயது தெரிகிறது. அதில் ஒரு கௌரவமும் இருக்கிறது. ஆனால் அடுத்த பாட்டு என்ன செய்யப்போகிறார்களோ என்ற பரபரப்பு அதில் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பழைய பதிவின் கரகரப்பு உங்களுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் அதில் ஆரம்பித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

இதிலேயே ஊறிவிட்டவர்களுக்கு அடுத்த படி 'ரெகார் சூர் லெ பாசே'. பிரெஞ்சுப் படையை வருடக்கணக்கில் எதிர்த்து, 1898இல் பிடிபட்டு, காபோனுக்கு நாடு கடத்தப்பட்டு 1900இல் இறந்த சமோரி தூரேயின் கதை. எல்பியின் இரண்டு பக்கத்தையும் நிரப்பும் ஒரே பாட்டு. பலஃபோனும் எலெக்ட்ரிக் கிட்டாரும் பேச்சும் பாட்டுமாக அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும். 1969இல் அல்ஜியர்ஸ் விழாவில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. அதிபர் தன்னைச் சமோரியின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டவர் என்பதையும் மனதில் வைத்துக் கேளுங்கள். பின்னணியாக ஓடவிட்டு வேறு வேலை பார்க்கிற பாட்டு இல்லை அது.

கினி வானொலி நிலையம் 1985 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது குண்டுவீச்சுக்கு ஆளானது. ஒலிநாடாக்களில் ஒரு பகுதி அழிந்தது. மீதி இருந்ததை கவுன்சல்தான் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு கொனாக்ரியில் பல முறை தங்கி டிஜிட்டலாக மாற்றினார்: 9,410 பாட்டுகள். நூலகம் அவற்றை இணையத்தில் கேட்கும்படி வைத்தது. பெம்பேயாவின் காலத்தில் அதே சம்பளப் பட்டியலில் இருந்த மற்ற குழுக்களை, முக்கியமாக கெலெத்திகி, பல்லா இரண்டையும் கேட்டுப் பாருங்கள். பின்கிட்டார் விஷயத்தில் பல்லா குழுக்காரர்கள் சில பாட்டுகளில் பெம்பேயாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.